மங்களம் பாடாத சொர்ணவல்லி

நாடகச் சங்கத்து ஆண்டு மலருக்குச் சொர்ணவல்லியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கலைச்சேவை, தியாகம், தாயுள்ளம் என்று நாலு வார்த்தை போட்டால் போதுமாம். தாயுள்ளமா? இருபது வருசமாக அவளோடு மேடையேறியவன் நான். அவளுக்கு இருந்தது பழிவாங்குகிற உள்ளம். அந்தப் பழியின் தயவில்தான் இன்றைக்குப் புதுக்கோட்டைப் பக்கத்து நாடகக்காரிகள் கதவு வைத்த அறையில் சேலை மாற்றுகிறார்கள். இப்படி எழுதினால் மலரில் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் சவரியப்பன். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், கோமாளி வேஷம். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். திருவிழாக்காரர்கள் ஆளாளுக்குத் தேதி வாங்கிக் கூட்டி வருவார்கள். மேடைக்குப் பின்னால் முகப்பவுடர் போடும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். நடுவில் பேசுவதெல்லாம் அவரவர் வாய்ச் சாமர்த்தியம். எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் தடுமாறாமல் பதில் சொல்லிவிட வேண்டும். தடுமாறினால் கூட்டம் விசிலடித்து மானத்தை வாங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொர்ணவல்லியின் தங்கச்சி செவந்தி செத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சொர்ணவல்லி மேடையேறியது 1948இல், சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருசம். குடுமியான்மலைப் பக்கத்தில் கல்லுடைக்கிற வீட்டுப் பெண். அப்பன் வெடியில் போனபிறகு ஆத்தா காத்தாயி இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு திருக்கோகர்ணத்துக்கு வந்து பூக்கட்டி விற்றாள். மூத்தவளுக்கு மூக்காயி என்று பெயர். நோட்டீசில் அது எடுபடாது என்று சொர்ணவல்லி ஆக்கினார்கள். இளையவள் செவந்தி. டான்ஸ்காரிக்கு அந்தப் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் ஒரு தர்க்கம் உண்டு. அவர் கேள்வி கேட்பார், இவள் மடக்குவாள். கூட்டம் வருவதே அதற்குத்தான். சொர்ணவல்லி ஆடிய முதல் பங்குனியிலேயே நாரதராக வந்தவர் வேண்டுமென்றே, இந்தக் காடு யாருடையது பெண்ணே என்று கேட்டார். அவள் கவண் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, போன மாசம் வரைக்கும் மகாராஜா காடு, இந்த மாசம் யாருதுன்னு கலெக்டரைக் கேட்டுத்தான் சொல்லணும், ஒமக்குத் தெரிஞ்சா சொல்லும் சாமி என்றாள்.  அந்த ஒரே பதிலில் அவளுக்குத் தேதிகள் குவிந்தன. தினமும் வெற்றிலைக்கடையில் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அண்ணே, நாரதர் இன்னைக்கு இதைக் கேட்பாரா என்று என்னிடம் வந்து நிற்பாள். அப்போதெல்லாம் நான் அவளுக்கு அண்ணன்.

நார்த்தாமலைக்கு வடக்கே ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சங்கத்தில் யாரும் அந்தப் பெயரை வாயில் ஏற்றக்கூடாது என்பது சொர்ணவல்லி போட்ட சட்டம். ஊருக்குப் பெரியதனம் அம்பலக்காரர் ஆத்மநாதன். 1951 சித்திரைத் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைத்தார்கள். பெண்கள் சேலை மாற்ற மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் பனையோலைத் தட்டி கட்டிக் கொடுத்தார்கள். விளக்கு கேட்டோம். மேடைக்கே பெட்ரோமாக்ஸ் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பபூன், டான்ஸ் காட்சி முதலில். நானும் செவந்தியும் ஆடினோம். பதினேழு வயசு. ஆடி முடித்துவிட்டுச் சலங்கையைக் கழற்ற வைக்கோலில் உட்கார்ந்தவள் கையை ஊன்றிய இடத்தில் பாம்பு. கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்து என்னிடம்தான் காட்டினாள். புறங்கையில் இரண்டு புள்ளி.

மேடையில் தர்க்கம் தொடங்கியிருந்தது. நான் பாதி வேஷத்தோடு மேடைக்கு ஓடினேன். மைக் முன்னால் நின்று, வள்ளி, ஒந்தங்கச்சியைப் பாம்பு கடிச்சிருச்சு, வா என்றேன்.

பபூன் இடையில் நுழைந்து எதையாவது உளறுவதும் வள்ளி அவனை மடக்குவதும் எங்கள் தொழிலில் நாள்தோறும் நடப்பது. அவள் கண் இமைக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை.

"பாம்பு கடிச்சா என்னை ஏன் கூப்புடுறே? முருகன் வீட்டு மயிலக் கூப்புடு. அது சும்மாதான நிக்குது."

கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பபூன் அழுதால் இன்னும் சிரிப்பு. சத்தியமா சொல்றேன் தாயி என்று அவள் காலில் விழுந்தேன். அதற்கும் கைதட்டல். அதற்குள் அம்பலக்காரர் ஆட்கள் இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனார்கள். அதையும் ஜனங்கள் நாடகம் என்றே நினைத்தார்கள்.

ஆத்மநாதன் கீழே நின்றார். விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. சாமிக்குக் காப்புக் கட்டியிருக்கிறது, மங்களம் பாடாமல் நாடகம் நின்றால் ஊருக்கு ஆகாது, அக்காகாரிக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது என்றார். வண்டி கேட்டேன். மூன்று மைலில் திருச்சி ரோடு, ரோட்டுக்குப் போனால் லாரி கிடைக்கும், அங்கிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். வண்டி அச்சு முறிந்து கிடக்கிறது என்றார். நானும் மிருதங்கக்காரரும் கயிற்றுக்கட்டிலில் தூக்கப் பார்த்தோம். காப்புக் கட்டிய ஊரில் பாடை மாதிரி தூக்கிப் போகிறாயா என்று கட்டிலைக் கீழே இறக்க வைத்தார்கள். மறுபடி மேடைப் பக்கம் போனால் கால் இருக்காது என்று என்னிடம் சொன்னார்கள். பச்சிலை அரைக்கிறவர் ஒருவர் வந்து மந்திரம் போட்டார். செவந்தி மூன்று மணி நேரம் இருந்தாள். கடைசி வரைக்கும், அக்கா இன்னும் முடிக்கலையா, அக்கா இன்னும் முடிக்கலையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிகிற நேரத்தில் சொர்ணவல்லி மங்களம் பாடினாள். நல்ல குரலில் நிறுத்திப் பாடினாள். கற்பூரத் தட்டோடு பின்னால் வந்தவள் கட்டிலைப் பார்த்தாள்.  "மயிலுன்னு சொன்னேனே" என்று மட்டும் சொன்னாள். ஆத்மநாதன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு புடவையை வைத்து நீட்டி, நடந்தது நடந்துபோச்சு, மங்களம் நல்லபடியா முடிஞ்சதுல்ல என்றார். அவள் தாம்பாளத்தைத் தொடவில்லை. காடு வரைந்த படுதாவை மேடையிலிருந்து இழுத்துக் கிழித்து அதில் தங்கச்சியைச் சுற்றினாள். மங்களம் முடிந்துவிட்டதல்லவா, இப்போது கட்டிலில் தூக்கிப் போக எங்களுக்கு அனுமதி கிடைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் எங்களை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னாள். செவந்தி எப்படிச் செத்தாள் என்று அந்த ஆள் தன் வாயால், அதே மேடையில், அதே ஊர்ச்சனம் கேட்க, மைக்கில் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த ஊரில் மங்களம் பாடாமல் இறங்க வேண்டும். அதுவரைக்கும் அந்த ஊருக்கு நாடகமே கிடையாது. அன்றிலிருந்து என்னை அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. பபூன் என்றாள். நான் சொல்லவில்லையா? சொன்னேன். மேடையேறி, காலில் விழுந்து சொன்னேன். ஆனாலும் நான் பபூன்.

அவள் சண்டை முதலில் ஒரு பஸ்ஸோடுதான் தொடங்கியது. காலை முதல் பஸ்ஸில் முகத்தில் அரிதாரம் காயாத பெண்களைக் கண்டக்டர் ஏற்ற மாட்டான், வேஷக்காரி ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள் என்பான். சொர்ணவல்லி முன்சக்கரத்துக்கு நேரே ரோட்டில் படுத்துக்கொண்டு வெற்றிலை போட ஆரம்பித்தாள். வெயில் ஏறும்வரை பஸ் நகரவில்லை. கடைசியில் போலீஸ்காரரே பெண்களுக்கு ஸீட் பிடித்துக் கொடுத்தார்.

பிறகு சங்கம். கீழ ராஜ வீதியில் ஒரு வெற்றிலைக்கடையின் மாடி. நாடகம் வேண்டுகிற ஊர் அங்கே வந்து மூன்று நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பெண்களுக்குச் சுவரும் கதவும் விளக்கும் உள்ள அறை. விடியும்வரை மேடைக்குப் பின்னால் மாடு பூட்டிய வண்டி. மூன்றாவது, தண்டவாள இரும்பு. பள்ளிக்கூடத்தில் மணிக்குத் தொங்கவிடுவார்களே, அந்தத் துண்டுதான். நாடகத்தில் வருகிற எந்தச் சத்தத்தோடும் அது சேராது. அதை மேடைக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். யாருக்காவது ஆபத்து என்றால் அதை அடிக்க வேண்டும். அடித்தால் சாமி வேஷக்காரராக இருந்தாலும் வாயை மூடி இறங்கிவிட வேண்டும். மேடையில் பேசுகிற பேச்சை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அந்த இரும்பை ஊர் ஊராகத் தூக்கிப் போகிற வேலை எனக்கு. யாரும் சொல்லாமலேயே அது என் வேலையாகிவிட்டது.

ஊர்கள் சும்மா விட்டனவா? ஆட வருகிறவளுக்குக் கதவு கேட்கிறதாம் என்று சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலேயே சிலர் பயந்து, நிபந்தனை இல்லாமல் போய் ஆடினார்கள். சொர்ணவல்லி அந்த ஊருக்கு முன்னதாகவே போய்விடுவாள். மேடைக்கு எதிரே தரையில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்து, செவந்திக்கு ஒப்பாரி வைப்பாள். காப்புக் கட்டிய ஊரில், சாமி புறப்படுகிற நேரத்தில் ஒப்பாரி! பெரிய மனுசர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். அரை மணி நேரத்தில் கதவு வரும், விளக்கு வரும், வண்டி வந்து நிற்கும். அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, அடுத்த ஊர் எது என்பாள். நாலு ஊரில் வைத்தாள்; ஐந்தாவது ஊர் அதற்கு வேலை வைக்கவில்லை.

இலுப்பூர்ப் பக்கம் ஒரு மிருதங்கக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது இரும்பை அடித்தோம். ஆள் இன்றைக்கும் இருக்கிறார். ஒரு பெண்ணுக்கு மேடைக்குப் பின்னால் வலி எடுத்தபோது அடித்தோம். வண்டி தயாராக நின்றது, பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. எல்லோரும் சொர்ணவல்லியைக் கும்பிட்டார்கள். அவள் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும், இது அந்த ஊரில்லையே என்பதுதான் அவள் முகத்தில் இருக்கும்.

1958இல் வெள்ளைச்சாமி சங்கத்துக்கு வந்தான். ஒரு காலத்தில் ஆத்மநாதனின் வண்டிக்காரன். சண்டை போட்டுக்கொண்டு டவுனுக்கு வந்து பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வந்து சொன்னது இது. அன்றைக்கு வண்டியின் அச்சு முறியவே இல்லை. ஊருக்கு இருந்த ஒரே வண்டி, ஆத்மநாதனின் கூண்டு வண்டி, மேடைக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றது. அம்பலக்காரர் சம்சாரம் பிரகதாம்பாள், பெரிய வீட்டுப் பெண்கள் செய்கிறபடி, அதற்குள் உட்கார்ந்து திரை இடுக்கு வழியாக நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டைப் பூட்டவா என்று இவன் கேட்டதற்கு, வீட்டுப் பொம்பளையை நாடகக்காரிக்காக இறங்கச் சொல்வதா என்று ஆத்மநாதன் அறைந்தாராம்.

போலீசுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். சொர்ணவல்லி ஒரே கேள்விதான் கேட்டாள். அந்தம்மாவுக்கு இது தெரியுமா? தெரியாது என்றான் வெள்ளைச்சாமி. பாம்பு கடித்ததே அவர்களுக்கு மறுநாள்தான் தெரியும். சரி, இதை யாரும் வெளியே விடக்கூடாது என்றாள். ஆறு வருசம் அதை மனசுக்குள் வைத்திருந்தாள். அப்பேர்ப்பட்ட நெஞ்சு.

1964 பங்குனியில் ஆத்மநாதனே மாடியேறி வந்தார். பதின்மூன்று வருசமாக ஊரில் நாடகம் இல்லை. மழை பொய்த்ததற்கும் மாடு செத்ததற்கும் அதையே காரணமாகச் சொல்கிறார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது, எதிராளி, தான் ஜெயித்தால் நாடகம் கொண்டு வருவதாகப் பேசுகிறான். ஆளும் தளர்ந்திருந்தார். சொர்ணவல்லி அவரை உட்காரச் சொல்லவில்லை. மூன்று நிபந்தனையையும் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு என்றாள். ஒன்று, செவந்தி எப்படிச் செத்தாள் என்று அவரே மேடையேறி மைக்கில் சொல்ல வேண்டும். இரண்டாவது, அவர் வீட்டு அம்மா அன்றைக்குப் போலவே அதே வண்டியில், அதே இடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்க வேண்டும். தன் வீட்டுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார் மனுசன். அம்புட்டுத்தானம்மா என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சித்திரையில் போனோம். ஊரே திரண்டிருந்தது. அறைக்கு ஒன்றல்ல, இரண்டு விளக்கு. எங்களுக்கென்று ஒரு வண்டி மாடு பூட்டி நின்றது. புளியமரத்தடியில் திரை போட்ட அந்தப் பழைய கூண்டு வண்டி. நான் இரும்பைக் கட்டினேன். 

தர்க்கம் வந்தது. தம்பூராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாரதர் வேஷக்காரரைச் சொர்ணவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள். இன்னைக்கு நாரதர் வேணாம், அம்பலக்காரர் வரட்டும் என்றாள். ஆத்மநாதன் பட்டுத்துண்டைச் சரிசெய்துகொண்டு ஏறினார். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது, வைத்தியம் பார்த்தோம், ஆயுசு அவ்வளவுதான், ஊருக்கே வருத்தம். ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். 

"ஆஸ்பத்திரிக்கு ஏங்க அனுப்பல?" என்றாள் சொர்ணவல்லி. தர்க்கத்தில் நாரதரைக் கேட்கிற அதே பணிவான குரல்.

"வண்டி அச்சு முறிஞ்சு கெடந்துச்சும்மா. இருந்தா அனுப்ப மாட்டேனா?"

"எந்த வண்டிங்க?"

"என் கூண்டு வண்டிதான். ஊருல அது ஒண்ணுதான."

அவள் வலது கையை மெதுவாகத் தூக்கிப் புளியமரத்துப் பக்கம் காட்டிவிட்டு அப்படியே நின்றாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வண்டித் திரை அசைந்தது. பிரகதாம்பாள் இறங்கி வந்தார்கள். அந்த அம்மா பலர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை.

"அச்சு முறிஞ்ச வண்டியிலயா நான் விடிய விடிய ஒக்காந்திருந்தேன்? அதுலதான வீட்டுக்கும் போனேன்?" என்று புருசனைப் பார்த்துக் கேட்டார்கள்.  பிறகு சொர்ணவல்லியைப் பார்த்தார்கள். "மயிலக் கூப்புடுன்னு நீ சொன்னப்ப நானும் சிரிச்சேன் தாயி. அப்ப அந்தப் புள்ள உசுரோட இருந்துச்சா?"

நான் மேடைக்கு வந்துவிட்டேன். பபூன் குல்லா, மூக்கில் சிவப்புச் சாயம், எல்லாம் அப்படியே இருந்தது.

"இருந்துச்சு ஆத்தா" என்றேன். "அதுக்கப்புறம் மூணு மணி நேரம் இருந்துச்சு."

இந்த முறை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிரகதாம்பாள் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தின் நடுவே நடந்து போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போன அம்மா இன்றுவரை திரும்பவில்லை என்று கேள்வி. ஆத்மநாதன் தேர்தலில் நிற்கவே இல்லை.

சொர்ணவல்லி என்னைப் பார்த்து, அடிங்க என்றாள். போய் இரும்பை அடித்தேன். பதின்மூன்று வருசத்தையும் சேர்த்து அடித்தேன். ஆர்மோனியம் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள். அப்போதுதான் ஆத்மநாதனுக்குப் புரிந்தது. மேடையில் ஒற்றை ஆளாக நின்று, ஊர்ச்சனம் பார்க்க அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். மங்களம் மட்டுமாவது பாடிட்டுப் போம்மா, ஊருக்கு ஆகாதும்மா என்றார்.

"அன்னைக்கே பாடிட்டேங்க. அதையே வச்சுக்கங்க" என்றாள்.

எங்களுக்கு நிறுத்தியிருந்த வண்டியில் ஏறினோம். இரும்பை அவிழ்க்க வேண்டாம், இங்கேயே தொங்கட்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோசம். பழி தீர்ந்தது. இனி அண்ணே என்று கூப்பிடுவாள் என்று சின்னப்பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருந்தேன். திருச்சி ரோடு வந்துவிட்டது. மூன்று மைல். மாட்டுக்கு அதைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ரோட்டில் இறங்கியதும், அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் சிரிப்பு மூட்டியிருக்கக் கூடாது. நீங்க அன்னைக்கு இன்னொரு தடவ மேடைக்கு வந்திருக்கணும்."

கால் இருக்காது என்று மிரட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருசமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு காலும் முழுசாக ரோட்டில் ஊன்றியிருந்தன, அதனால் அவளிடம் சொல்லவில்லை.